மார்சால் வராத வீடு

எங்கள் கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி இது: "கடந்த ஒரு மாதத்தில், இறந்துபோனவர் யாராவது உங்களோடு பேசுவதுபோல் கேட்டிருக்கிறதா?"

தலைநகர் டிலியில் உட்கார்ந்து இந்தத் தாளைத் தயாரித்தவர்கள் பெரும்பாலும் "இல்லை" என்ற பதிலைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஹாட்டுலெஸ் மலையில் முதல் நாள் ஒரு கிழவரிடம் ஜுல்மிரா அக்கா இதைக் கேட்டபோது, அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்காம? போன வியாழக்கிழமகூட என் மாமியா வந்தா. அவ கோழிய நான் வித்துட்டேன்னு ஒரே சண்டை."

"வித்தீங்களா?"

"வித்தேன். அதுக்காகச் செத்தப்புறமும் வந்து கேக்கணுமா?"

"ஆம்" என்ற கட்டத்தில் நான் கோடு போட்டேன். இதனால் உங்கள் அன்றாட வேலை பாதிக்கப்படுகிறதா என்பது அடுத்த கேள்வி. கிழவர் யோசித்துவிட்டு, பாதிக்கிறது, இப்போது இன்னொரு கோழி வாங்கியாக வேண்டும் என்றார். அதற்கும் ஒரு கோடு.

சண்டை ஓய்ந்து பத்தாண்டுக்கு மேலான பிறகு எங்கள் மக்கள் மனத்தளவில் எப்படி இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தவிதமான துணை வேண்டும் என்று அறிய நடந்த ஆய்வு அது. எங்கள் மலையில் பேசும் மம்பாய் மொழி தெரிந்தவர்களாகப் பார்த்து எங்களை எடுத்தார்கள். இருவர் இருவராக அனுப்பினார்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. பேசத் தயங்குகிறவன் என்பதால் என்னை எழுதவிட்டார்கள். கேட்டவர் ஜுல்மிரா அக்கா.

அவரைப் பற்றி எழுத அவரே அனுமதி தந்தார். "பேரெல்லாம் மாத்திடு. ஊரையும் மாத்திடு. என் மூக்கப் பத்தி ஒண்ணும் எழுதாத." நாங்கள் யாருக்கு வாக்குக் கொடுத்தோமோ அவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். அக்காவின் அம்மாவும் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன். மூக்கைப் பற்றி எழுதவில்லை.

நாட்டுக்கு விடுதலை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்த ஆண்டு அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியைப் பயிற்சி முடிய ஓராண்டு பாக்கி. ஊர் எரிந்தபோது பயிற்சிப் பள்ளியும் எரிந்தது. அவர் அங்கே படித்தார் என்பதற்கான சாட்சியும் அதோடு போயிற்று. பிறகு கன்னியர் மடத்துச் சமையலறை, காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகை, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி என்று கிடைத்த வேலையைச் செய்தார். சீக்கிரம் கோபம் வரும். அதைவிடச் சீக்கிரம் சிரிப்பு வரும். எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் சாப்பிடுவார். ஒரே காலையில் மூன்று வீட்டில் வேகவைத்த மரவள்ளி தின்றுவிட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து, பள்ளத்தில் இறக்கியதற்கு என்னைத் திட்டுவார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். "வீட்ல கறுப்பு களையட்டும், அப்புறம் பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

எங்களிடத்தில் வீட்டில் ஒருவர் இறந்தால் கறுப்பு உடுத்துகிறோம். ஓராண்டு கழிந்ததும் விருந்து வைத்து, பாட்டுப் போட்டு, விடிய விடிய ஆடி, அந்தக் கறுப்பைக் களைகிறோம். ஆனால் மண்ணுக்குள் வைக்காதவருக்காக உடுத்திய கறுப்பை எப்படிக் களைவது? அக்காவின் அண்ணன் மார்சாலை, விடுதலைக்கு எதிராக ராணுவத்தோடு நின்று ஊரை எரித்த துணைப்படைக்காரர்கள் லாரியில் ஏற்றியதை ஊரே பார்த்தது. லாரி போய்ச் சேர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. அன்று கறுப்பு உடுத்திய அம்மா ஹெர்மினா பதினோரு ஆண்டுகளாகக் களையவில்லை. சேலைபோலச் சுற்றிக்கொள்ளும் அந்த தாய்ஸ் துணி வெளுக்க வெளுக்க, இலைச்சாற்றிலும் சேற்றிலும் ஊறவைத்து மறுபடி கறுப்பாக்கிக்கொள்வார். ஆய்வு நடந்த சமயம் அவருக்கு இருமல். "அவன் மண்ணுக்குள்ள போகாம நான் போகக் கூடாது. போனா ரெண்டு பேரும் அலைவோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடல் கிடைக்காத வீடுகளுக்கு எங்கள் மலையில் ஒரு வழி உண்டு. இறந்தவர் கனவில் வந்து தான் கிடக்கும் இடத்தைச் சொல்வார். மூங்கில் புதரடியில், ஆற்றுத் திருப்பத்தில், பாழுங்கிணற்றில் என்று எத்தனையோ எலும்புகள் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தன. அக்காவின் அம்மா மகனுடைய சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். பக்கத்து வீட்டுக்கெல்லாம் யார் யாரோ வந்தார்கள். அவர் மகன் வரவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் யூரிக்கோ டிலியிலிருந்து வந்தவர். அக்காவைவிட இளையவர், நல்லவர். பிறர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டு எங்கள் மனம் கனத்துவிடக் கூடாது என்று சனிக்கிழமைதோறும் எங்களை வட்டமாக உட்காரவைத்து, பலூன் ஊதுவதுபோல் மூச்சு விடச் சொல்வார். வண்ணப் பென்சில் கொடுத்து மனத்தில் உள்ளதை வரையச் சொல்வார். அக்கா ஒவ்வொரு வாரமும் காப்பிச் செடி வரைவார். "வேற எதுவும் வரையத் தெரியாது தம்பி. மனசுல என்ன இருந்தாலும் காப்பிச் செடியாத்தான் வருது."

ஒரு சனிக்கிழமை யூரிக்கோ உற்சாகமாக இருந்தார். "இந்த வாரம் ஒரு நல்ல சேதி. ஹாட்டுலெஸ்ல ஒரு அம்மா, மகனப் பறிகொடுத்தவங்க. கெட்ட கனவா, இல்ல. குரல் கேக்குதா, இல்ல. தூக்கத்துல பதறி எழுந்திரிக்கிறதா, அதுவும் இல்ல. எல்லாம் பூஜ்யம்! மனுசனுக்குள்ள எவ்வளவு பலம் இருக்கு பாருங்க."

அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சுளைகளை ஒவ்வொன்றாக எல்லோருக்கும் கொடுத்தார். திரும்பி வரும்போது வண்டியில் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தம்பி, இந்த மலையிலேயே திடமான பொம்பள யாரு தெரியுமா? எங்கம்மா. தாள்ல இருக்கு."

கொஞ்ச நேரம் சிரித்தார்.

பேட்டி தொடங்கும் முன் ஒரு வாக்குறுதியை வாசிக்க வேண்டும்: உங்கள் பெயரை எழுத மாட்டோம், நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம், விருப்பமில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் ஊரில் தாளைப் பார்த்து வாசித்தால் எவரும் நம்ப மாட்டார்கள். தாளோடு வந்தவர்களால் பட்டது அதிகம். ஆகவே அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொண்டார். வாசித்து முடித்ததும் சுருக்குப் பையிலிருந்து வெற்றிலை எடுத்துக் கிழித்து, பாதியை எதிரே இருப்பவருக்குக் கொடுத்து, பாதியைத் தான் மென்றார். பகிர்ந்த வெற்றிலையின் மேல் சொன்ன சொல்லை மீறினால் முன்னோர்கள் சும்மா விடமாட்டார்கள். மீறியவரை விட்டுவிட்டு அவர் வீட்டில் ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஜனங்கள் பேசினார்கள். எங்கள் தாள்கள்தான் எல்லாக் குழுக்களையும்விட நிறைந்து வருகின்றன என்று யூரிக்கோ மெச்சினார்.

காப்பி பறிக்கும் மாதத்தில், பேட்டிக்கு வீடு தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் அகாபிட்டோவின் வீடு எங்கள் பங்குக்கு வந்தது.

"தெரிஞ்சவங்க வீடுன்னா வேற குழுவோட மாத்திக்கணும், அக்கா" என்று யூரிக்கோ நினைவூட்டினார்.

"தம்பி, இந்த மலையில எனக்குத் தெரியாத ஆளு நீ ஒருத்தன்தான். உன்னையா பேட்டி எடுக்க முடியும்?"

அகாபிட்டோ துணைப்படையில் இருந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். எல்லைக்கு அப்பால் ஓடி, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். குலப் பெரியவர்கள் பாய் விரித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசி, சமரசம் செய்தார்கள். வீடுகளுக்குத் தீ வைத்ததை அங்கே ஒப்புக்கொண்டார். ஒரு பன்றி கொடுத்தார். சிற்றாலயத்தின் வேலியைத் தன் கையால் கட்டித் தந்தார். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அக்காவும் அப்படித்தான் நினைத்தார்.

நாங்கள் போனபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து குதிரைக்குப் பொதி ஏற்றும் சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மனைவியைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு எங்களுக்குப் பாய் போட்டார்.

"வா தங்கச்சி. உங்க தாள்ல என் பேரும் விழுந்துடுச்சா?"

"பேரு விழாதுண்ணே. வீடுதான் விழுந்திருக்கு."

வாக்குறுதி, வெற்றிலை, பிறகு கேள்விகள். பசி எடுக்கிறதா, எடுக்கிறது. உடம்பு வலி, உண்டு. கோபம், எப்போதாவது. ஊசியை நிறுத்தாமலே பதில் சொன்னார். கெட்ட கனவு வருமா என்ற கேள்வி வந்தது.

"வரும்."

"எப்பப்போ?"

"கண்ண மூடுனா வரும்."

"ஒரே கனவா?"

"ஒரே ஆளு."

தாளில் அதற்கு மேல் கேள்வி இல்லை. நான் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். ஆனால் அக்கா கேட்டார், "யாருண்ணே?"

அகாபிட்டோ ஊசியைச் சேணத்தில் குத்தி நிறுத்தினார். "அது தாள்ல இருக்கா?"

"இல்ல."

"தாள்ல இல்லாததுக்கும் உன் வாக்கு செல்லுமா?"

அக்கா சிரித்தபடி, "செல்லும்" என்றார். அவர் கையை நீட்டினார். அக்கா இன்னொரு வெற்றிலையைக் கிழித்துப் பாதியை அதில் வைத்தார். அகாபிட்டோ மென்றார். அக்காவும் மென்றார். என் பக்கம் ஒரு துண்டு வந்தது. நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

"உங்கண்ணன்தான்" என்றார் அகாபிட்டோ.

முற்றத்தில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.

"உள்ள வரமாட்டான். வாசப்படியில குந்திருப்பான். சட்டை நனைஞ்சிருக்கும். ஒரு கால்லதான் செருப்பு. உப்பு இருக்கான்னு கேப்பான். எடுத்துக் குடுத்தா வாங்கமாட்டான். மறுபடி உப்பு இருக்கான்னு கேப்பான்." சற்று நிறுத்தினார். "லாரி பழைய எஸ்டேட்டுக்குக் கீழ வளைவுல நின்னுபோச்சு. அவன் குதிச்சு ஓடுனான். என்கூட இருந்தவனுங்க புடிச்சானுங்க. அங்க காப்பி கழுவுற தொட்டி ஒண்ணு இருக்கும், வெள்ளக்காரன் கட்டுனது. அதுல போட்டானுங்க. என்னைக் கல்லு போடச் சொன்னானுங்க. நான் வெட்டல தங்கச்சி. கல்லுதான் போட்டேன். செத்துட்டான்னுதான் நெனச்சேன்."

"நெனச்சீங்க" என்றார் அக்கா.

"ஆமா."

என் பேனா நின்றிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே, "அடுத்த கேள்வி என்ன தம்பி?" என்று கேட்டார். கவனம் செலுத்துவதில் சிரமம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அவர் கேட்டார். அகாபிட்டோ பதில் சொன்னார். கடைசிவரை எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்தார். குரல் மாறவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும் கால் மரத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஓடையருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீரில் இறங்கி வாயைக் கொப்பளித்தார். துப்பிய சிவப்பு தண்ணீரில் கரைந்து போய்க்கொண்டே இருந்தது. கொப்பளிப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா, நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"வெத்தல போட்டிருக்கோம்டா. நீயும்தான் போட்டிருக்க."

அந்தச் சனிக்கிழமையும் அவர் காப்பிச் செடிதான் வரைந்தார். வரைந்து முடித்துவிட்டு யூரிக்கோவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்: "பேட்டியில ஒருத்தர், ஒரு பொணம் எங்க கெடக்குன்னு சொல்லிட்டா என்ன செய்யணும் தம்பி?"

யூரிக்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாராவது சொன்னாங்களா?"

"சொன்னா."

"விதி என்னன்னா, யாருக்காவது இனிமே ஆபத்து வரும்னா மட்டும்தான் வாக்க மீறலாம். செத்தவங்களுக்கு இனிமே என்ன ஆபத்து, அக்கா?" சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். அவர் பாட்டன் வீடும் கிழக்கே ஒரு மலையில்தானே இருக்கிறது. "விதி அப்படி. நான் எழுதல."

"உன் பாட்டன் கேட்டாருன்னா ராத்திரி வந்து உன் கால இழுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். யூரிக்கோவும் சிரித்தார்.

பேட்டி முடிந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதும் விதிதான். அதை அக்கா மீறினார். நான்தான் அழைத்துப் போனேன். அகாபிட்டோ எங்களைக் கண்டதும் எழுந்து வேலிக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்களே வந்து பாய்ல உக்காந்து சொல்லிடுங்க. அம்மாவுக்கு ஒடம்பு முடியல. எடத்த மட்டும் சொன்னாப் போதும்."

"தீ வெச்சதுக்குப் பாய் விரிப்பாங்க. இதுக்கு விரிக்க மாட்டாங்க தங்கச்சி, ஜெயிலுதான். எனக்கு நாலு புள்ளைங்க."

"எங்கம்மாவுக்கு ஒண்ணுதான் ஆம்பளப் புள்ள."

அவர் வேலிப் படலைச் சாத்தினார். பிறகு மெதுவாக, "நீ வெத்தல போட்டிருக்க" என்றார். கெஞ்சுவது போலவும் இருந்தது, மிரட்டுவது போலவும் இருந்தது.

அடுத்த சில நாட்கள் அக்கா வேலைக்கு வந்தார், கேட்டார், சாப்பிட்டார். அம்மா இருமும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தார். வெற்றிலைக்கு அஞ்சினார். வெற்றிலையை மீறாவிட்டாலும் அம்மா, மகனை மண்ணுக்குள் வைக்காமலே போய்விடுவார் என்பதற்கு அதைவிட அஞ்சினார். பிறகு ஒரு காலையில், அவரை அழைத்துப் போக நான் வந்து அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சொன்னார்:

"அம்மா, மார்சால் வந்தான்."

அம்மா மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது. எங்கே இருக்கிறான் என்று கேட்பார் என நினைத்தேன்.

"உன்கிட்டயா?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் பொய் வராது. சின்ன விஷயத்துக்குப் பொய் சொன்னாலே காது சிவந்துவிடும். ஆனால் அன்று தடுமாறவில்லை. சொன்னதில் ஒரு சொல்கூட அவருடையதில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு.

"பேசுனானா?"

"உப்பு இருக்கான்னு கேட்டான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "உப்பா கேட்டான்?"

"ஆமா."

"அன்னைக்குக் காலைல வீட்ல உப்பு இல்ல" என்றார் அம்மா. "ஊரே ஓடிட்டிருந்தப்ப உப்புக்கு எங்க போறது. சோளத்த உப்பில்லாமதான் வெச்சேன். ஒரு வாய் தின்னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். உப்பில்லாத சோத்துக்குச் சாவுறதே மேலுன்னான். நான் வெரட்டி அடிச்சேன். அப்புறம்தான் லாரி வந்துச்சு. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பாதிரியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொன்னப்பகூட."

அக்காவுக்கு இது தெரியாது. அகாபிட்டோவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. நான் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க இருக்கானாம்?" என்று அப்போதுதான் கேட்டார் அம்மா.

குலப் பெரியவர் வந்தார். ஒரு சேவலை அறுத்து, குடலைப் பிரித்துப் பார்த்து, கனவு உண்மை என்றார். ஊர்க்காரர்கள் பழைய எஸ்டேட்டுக்குப் போய்ப் புதரை வெட்டினார்கள். தொட்டி இருந்தது. கற்கள் இருந்தன. கற்களுக்குக் கீழே மார்சால் இருந்தார். உடைந்த முன்பல்லையும் இடுப்புப் பட்டையின் கொக்கியையும் பார்த்து அம்மா அடையாளம் சொன்னார். செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. போலீஸ்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு, எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். கனவு என்றோம். அதை எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

எலும்புகளைப் புது தாய்ஸ் துணியில் சுற்றிப் புதைத்தோம். ஏற்கெனவே பதினோரு ஆண்டு உடுத்தியாகிவிட்டது, இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். கறுப்புக் களையும் விருந்துக்கு மலை முழுவதும் வந்தது. அகாபிட்டோவும் ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். பந்தலின் ஓரத்தில் நின்று, அக்கா தட்டு எடுத்துப் போகும்போது மறித்தார்.

"நெசமாவே உன்கிட்ட வந்தானா?"

"வந்தான்."

"என் பேரச் சொன்னானா?"

"சொல்லல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார் அக்கா. அவர் சாப்பிட்டார். உப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஆய்வறிக்கையில் ஒரு நல்ல பத்தியாகியிருக்கும். அம்மா நீலச் சட்டை போட்டுக்கொண்டார். நான்கைந்து நாள் இருமல்கூடக் குறைந்தது. பிறகு ஒரு காலையில் அக்கா கண் விழிக்கட்டும் என்று அம்மா பாயருகே காத்து உட்கார்ந்திருந்தார்.

"வந்தானா?"

"இல்லம்மா."

"புதைச்சப்புறம் ஒரு தடவ வந்து சொல்லிட்டுப் போவாங்களே. எல்லார் வீட்லயும் வந்தாங்களே." மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். கடைசியில் கேள்வி வேறாகிவிட்டது. "பெத்தவ நான். பதினோரு வருசம் அவன் சட்டையத் தலைக்கு வெச்சிப் படுத்தேன். உன்கிட்ட வந்தவன் என்கிட்ட ஏன் வரல? உப்பில்லாமப் போட்டதுக்கா?"

அவன் என்னிடமும் வரவில்லை அம்மா என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அதைச் சொன்னால், அப்படியானால் யாரிடம் வந்தான் என்ற கேள்வி வரும். அக்கா அந்த இடத்தில் மாட்டிக்கொண்டார். சாப்பிடுவது குறைந்தது. ஒரு நாள் என்னிடம், "நான் வாக்க மீறினேனா, இல்லையா? நீயும்தான் இருந்தியே, சொல்லு" என்று கேட்டார். அம்மாவின் இருமல் மறுபடி கூடியது.

ஆய்வு முடிந்தது. யூரிக்கோ எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, தாள்கள் அடங்கிய பெட்டிகளோடு டிலிக்குத் திரும்பினார். எங்கள் மலைக்கு வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் வருவார் என்று பேச்சு இருந்தது. ஹாட்டுலெஸ்ஸில் தேவை குறைவு என்று கணக்கில் வந்ததால் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மழை தொடங்கும் முன் ஒரு நாள் அக்கா என்னை அழைத்து, அகாபிட்டோ வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். அவர் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உடம்பு தேறியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை.

"அண்ணே, மார்சால் வந்தானா?"

அவர் கூச்சப்பட்டார். "இல்ல தங்கச்சி. புதைச்சதிலிருந்து வரல. இப்பத் தூங்குறேன்."

அக்கா அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். "எங்கம்மா தூங்கல. தெனமும் கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? எனக்குக் கனவே வர்றதில்ல. எப்பவும் வந்ததில்ல."

அகாபிட்டோவின் கை குதிரையின் முதுகிலேயே நின்றது. "அப்ப அன்னைக்கு நீ சொன்னது..."

"உங்க கனவு."

குதிரை வாலை வீசியது. அகாபிட்டோ கோபப்படுவார் என்று நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"உங்க பேரச் சொல்லல" என்றார் அக்கா. "சொல்லவும் மாட்டேன்."

"நீயே ஏதாவது ஒரு கனவு சொல்லேன் அம்மாகிட்ட."

"எனக்குப் பொய் வராது. ஒரு வார்த்தைல கண்டுபுடிச்சிடும். அன்னைக்கு நெசத்தச் சொன்னேன், நம்புச்சு."

அகாபிட்டோ தேய்க்கும் நாரைக் கீழே போட்டார். அக்காவுக்கு எதிரே, சற்றுத் தள்ளி, குந்தி உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி பேசினார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், தெரியும்ல? ஒரு நா பாதிரியாரோட குதிரைய அவுத்துட்டுப் போய்ட்டோம். அவன் முன்னாடி, நான் பின்னாடி. ஆத்துக்கு அந்தப் பக்கம்வரைக்கும் போனோம். திரும்ப மனசே இல்ல. அவன் கைய ரெண்டையும் விட்டுட்டு ஓட்டுனான், கிறுக்கன். உங்கம்மா கரையில நின்னு துணி தொவச்சிட்டிருந்தாங்க. எங்களப் பாக்கல. அவன் பாத்தான். 'எங்கம்மா'ன்னான். சிரிச்சான்."

அக்கா நிமிர்ந்தார். "கையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. கைய விரிச்சிருந்தான்."

"குதிரை என்ன நெறம்?"

"செவல. நெத்தியில வெள்ளை."

"சட்டை?"

"போடல. வெயிலு."

"அப்ப நனைஞ்சிருக்கல."

"நனையல."

அக்கா ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் வழக்கம்போல் பேனாவைத் தேடி, பையில் கேள்வித்தாள் எதுவும் இல்லை என்பது நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றார் அக்கா. "மொதல்லேருந்து."